தூக்கி வந்த மாஸ்டர்

“நம் கம்பெனியின் வரலாறு இன்றோடு இரண்டாகப் பிரிகிறது. மாஸ்டர் வருவதற்கு முன், வந்ததற்குப் பின்” என்று மைக்கில் அறிவித்தார் கோட் கம்பெனி முதலாளி. கேட்டவர்கள் பன்னிரண்டு தையல்காரர்கள். மைக் இல்லாமலே கேட்கும் தூரத்தில்தான் நின்றார்கள்.

அடுத்த தெருக் கம்பெனியின் கட்டிங் மாஸ்டரைத் தூக்கி வர அவருக்கு நாலு மாதம் பிடித்தது. அந்தக் கம்பெனி கோட் தோளில் உட்காரும் அழகே தனி. ஆள் வைத்து விசாரித்ததில், மாஸ்டருக்கு அங்கே தனி ஏசி அறை. பதினோரு மணிக்கு வந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. மத்தியானச் சாப்பாடு முதலாளி வீட்டிலிருந்தே வருகிறது. சாயங்காலம் முதலாளியே காரில் கொண்டுபோய் விடுகிறார் என்று தெரிந்தது.

“அவர் வெட்டி நீங்க பாத்தீங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“பெரிய வித்வான்கிட்டப் போய் உனக்குப் பாட வருமான்னு கேப்பியா?” என்று அடக்கினார்.

வேறு யாரும் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, மூன்று வருடத்துக்கு இரு தரப்பும் விலக முடியாதபடி ஒப்பந்தம் போட்டார். இருபது வருடம் உழைத்த பழைய மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பினார். மாதக் கடைசிக்குள் இரண்டாயிரம் கோட் கப்பலேற வேண்டும். வெட்டு பிசகினால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

கைதட்டல் ஓயுமுன் அடுத்த தெரு முதலாளியே பூங்கொத்தோடு உள்ளே வந்தார். சண்டைக்குத் தயாராக நின்றவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“இந்த உதவியை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் சார்.”

எதிரியின் பெருந்தன்மையில் இவர் உருகிப்போனார். நல்ல ஆளை இழப்பது கஷ்டம்தான், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

“இழக்கிறதா? நீங்க வீட்டுக்கு அனுப்பின பழைய மாஸ்டர் காலைலயே எங்கிட்ட சேர்ந்துட்டார். பதினோரு வருஷமா அத்தனை கோட்டும் நானே வெட்டினேன் சார். இன்னைக்குத்தான் கத்திரியைக் கீழ வெச்சேன்” என்று காய்த்துப்போன கட்டைவிரலைக் காட்டினார் வந்தவர்.

முதலாளி, புது மாஸ்டருக்கென்று தான் கட்டிக் கொடுத்த ஏசி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அப்ப இவர்?”

“என் சம்சாரத்தோட தம்பி.”