மசக்கையில் வந்த தாடை

சாந்தோ கையிலிருந்த பிள்ளையின் தாடையைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிப் பார்த்தான்.

அசையவில்லை. கீழுதட்டைத் தாண்டி முன்னால் துருத்திக்கொண்டு நின்றது.

அவனுக்கு அப்படி இல்லை. மனைவி மிண்டாவுக்கும் இல்லை. தெருமுனை பேக்கரி கோஸ்மேவுக்கு இருந்தது; அவனுக்கு முன் பேக்கரியை நடத்திய அவன் அப்பனுக்கும் இருந்தது.

நேற்றுத்தான் கப்பல் வேலையிலிருந்து மணிலாவில் இறங்கி, பஸ் பிடித்து வீடு வந்திருந்தான். போனில் பார்த்தபோதெல்லாம் அதை நிழல் என்று நினைத்திருந்தான்.

ஞானஸ்நானத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரம். வாசலில் விருந்துக்கான முழுப் பன்றி நெருப்புக்கு மேல் மூங்கிலில் சுழன்றுகொண்டிருந்தது.

"என்ன சாந்தோ, சாக்லேட் கப்பல்ல வாங்கினே. தாடைய மட்டும் பேக்கரியிலயா வாங்கினே?" சுழற்றிக்கொண்டிருந்தவன் ஜன்னல் வழியாகக் கத்தினான். வெளியே எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பில் விஷமம் இல்லை. மசக்கையில் மிண்டாவுக்கு கோஸ்மேவின் ரொட்டி தவிர வேறெதுவும் உள்ளே இறங்கவில்லை. தினமும் போய் அந்த முகத்துக்கு எதிரே நின்றாள். மசக்கையில் பார்த்த முகம் பிள்ளைக்கு வரும். ஊருக்கு அது போதும்.

தெரு முழுக்க இதைச் சொல்லி வைத்தது சாந்தோவின் அம்மா.

அதுதான் அவனை அரித்தது. மருமகள் சோறு குழைத்தாலே மன்னிக்காதவள். இதற்கு மட்டும் ஏன் முந்திக்கொண்டு காரணம் சொன்னாள்?

மாதக் கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் அவன் கப்பலேறுவதற்கு முன்பும் பேக்கரி திறந்துதான் இருந்தது.

பிள்ளையைக் கட்டிலில் கிடத்தினான்.

"இவனுக்கு என் பேரு கிடையாது. நான் கோயிலுக்கு வரல."

"சத்தியமா சொல்றேன் சாந்தோ…"

"சத்தியத்த கோஸ்மேகிட்ட போய்ப் பண்ணு."

மிண்டா அழவில்லை. பிள்ளையின் துணிகளை எடுத்துப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

அம்மா உள்ளே வந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

"பையைக் கீழ வை மிண்டா. டேய், அவன் உன் பிள்ளைதான்."

"அந்த மசக்கைக் கதைய வெளிய போய்ச் சொல்லும்மா."

"மசக்கை இல்லடா."

அலமாரி மேலிருந்த அப்பாவின் படத்தை எடுத்தாள். துடைக்கப்போகிறாள் என்று நினைத்தான். அவள் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"அந்தத் தாடை சில சமயம் ஒரு தலைமுறையத் தாண்டித்தான் வரும்" என்றாள். "உனக்கு வரலைன்னதும், தப்பிச்சேன்னு நெனச்சேன்."