எதிர்ப்பக்கத் திரை

“ஸ்பீக்கர்லயே பேசு” என்றான் ஜோஸ்வின். தங்கையின் ஹெட்செட்டைச் சுருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஜெர்லின் வெள்ளைச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டவன் அவன்தான். மேசைக்கு அந்தப் பக்கம், அவளுக்கு நேர் எதிரே, அவனும் உட்கார்ந்தான்.

தங்கச்சிமடத்தில் கடலை ஒட்டிய வீடு. அலைச்சத்தம் அறைக்குள் வரை கேட்டது. காற்றுதான் வரவில்லை. மத்தியான வெக்கையில் அவள் கழுத்து நனைந்துகொண்டே இருந்தது.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அவர்கள் தயாரிப்பது, இரண்டு திரைகளை ஒரு கீல் சேர்த்துப் பிடித்திருக்கும் புது மாதிரி மெஷின். விரித்தால் லேப்டாப், கீழ்த்திரையில் கீபோர்டு வந்துவிடும். மடக்கினால் டேப்லெட். கவிழ்த்து நிறுத்தினால் கூடாரம் மாதிரி நிற்கும்.

அந்தக் கீலை வடிவமைத்தவள் ஜெர்லின். இன்றைக்கு அதை எல்லாருக்கும் இயக்கிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் என்ன ஆச்சு என்று ஆபீஸிலிருந்து விசாரிப்பார்கள் என்று அவள் சொன்ன பிறகுதான் ஜோஸ்வின் அலமாரியிலிருந்து மெஷினை எடுத்துக் கொடுத்தான்.

திரையில் முகங்கள் வந்தன. குழுத் தலைவி கனகலட்சுமி, “என்னம்மா, ஆளையே காணோம்?” என்றார்.

“காய்ச்சல் மேடம்.”

ஜோஸ்வின் தலையை ஆட்டினான்.

ஜெர்லின் விரித்துக் காட்டினாள். மடக்கிக் காட்டினாள். பிறகு மெஷினை மேசை நடுவில் கூடாரமாக நிறுத்தினாள். அண்ணன் பக்கத்துத் திரையில் கீலின் வரைபடம் வண்ண வண்ணமாய் ஒளிர்ந்தது. அவன் முன்னால் குனிந்து பார்த்தான்.

“இதுல ரெண்டு பக்கமும் திரை இருக்கு. ரெண்டு பக்கமும் கேமராவும் இருக்கு” என்றாள். “எதிர்ல இருக்குறவங்க பக்கத்தையும் காட்டலாம்.”

தன் பக்கத்துத் திரையில் ஓரிடத்தைத் தொட்டாள்.

கேமரா ஓடினால் எரிய வேண்டிய பச்சை விளக்கை இந்தச் சோதனை மெஷினில் இன்னும் பொருத்தியிருக்கவில்லை. ஜோஸ்வின் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டத்தில் இருந்தவர்கள் ஜோஸ்வினைப் பார்த்தார்கள்.

அவன் முதுகுக்குப் பின்னால், உள்பக்கமாகப் பூட்டுத் தொங்கிய கதவைப் பார்த்தார்கள். பக்கத்து ஜன்னலில், உடைந்த மீன்பிடி வள்ளத்தின் பலகைகள் குறுக்கும் நெடுக்குமாக ஆணியடித்துக் கிடந்ததைப் பார்த்தார்கள். கதவோரம் மாட்டியிருந்த கல்யாணப் புடவையையும் பார்த்தார்கள்.

கமுதி வினோத்குமாரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஜெர்லின் வீட்டில் சொன்ன அன்றைக்கு அடித்த ஆணிகள் அவை. வெள்ளிக்கிழமை அவளுக்கு வேறொருவனோடு கல்யாணம்.

“ஜெர்லின், அங்கே என்ன...” என்று யாரோ தொடங்கினார்கள். கனகலட்சுமி அந்த மைக்கை அணைத்ததும் குரல் பாதியில் அறுந்தது.

“ரொம்பத் தெளிவாத் தெரியுதும்மா” என்றார் கனகலட்சுமி. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “எல்லாருமே பார்த்துட்டோம். எதுவும் கோளாறு இருக்கா?”

“இருக்கு மேடம். ஒரேயடியா இறுகிக்கிச்சு. என் கையால திறக்க முடியல.”

“எப்பக்குள்ள சரி பண்ணணும்?”

“வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி.”

“அப்ப இன்னைக்கே எடுத்துட்டு வர ஆள் அனுப்புறேன். அதே முகவரிதானே?”

“அதேதான் மேடம்.”

திரை அணைந்தது. ஜோஸ்வின் எழுந்து நெட்டி முறித்தான்.

“நல்லாத்தான் பேசுற பாப்பா. ஆள் வந்தா வாசல்ல வச்சே மெஷினக் குடுத்து அனுப்பிச்சிருவோம்” என்றான். அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதுவரை வராத சந்தேகம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. மேடம் உண்மையிலேயே கீலைப் பற்றித்தான் கேட்டிருப்பாரோ? கூரியர்காரன் வந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவானோ?

ஜோஸ்வின் மெஷினைப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, வாசற்படி ஓரமாகக் கொண்டுபோய் வைத்தான். திரும்பி வந்து அறையைப் பூட்டினான்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. “இந்தா வாரேன்” என்று ஜோஸ்வின் எழுந்து போனான்.

வந்தவர்கள் யாரும் பெட்டியைத் தொடவில்லை. முன்னால் நின்ற பெண் இன்ஸ்பெக்டர் அவனிடம் அறைச் சாவியைக் கேட்டார்.