அவரு முடிக்கட்டும்

“அவரு துன்னு முடிக்கட்டும். அப்பறமா நான் துன்றேன்.”

ஈஸ்வரி இப்படிச் சொன்னதும் ரோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேசுகிற இடமா இது? புதுச்சேரி கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில், மேசைக்கு மேசை வெள்ளைத் துணி விரித்த பிரெஞ்சு ஓட்டல்! அண்ணன் அன்புசெல்வனுக்குத் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக் கம்பெனியில் சிறந்த சூப்பர்வைசர் பரிசு. பரிசே இந்த ஓட்டலில் குடும்பத்தோடு ஒரு மதியச் சாப்பாடுதான். அதற்காக விடியற்காலையில் கவரைப்பேட்டையில் ரயில் ஏறி, பஸ் மாறி, காலை நாஷ்டாவைக்கூட ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

“அண்ணி, புருஷன் சாப்பிட்ட பிறகுதான் பொண்டாட்டி சாப்பிடணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?”

ரோஜா சட்டக் கல்லூரி இரண்டாம் வருஷம். பேச்சுப் போட்டிக் கோப்பைகளை வைக்க வீட்டில் அலமாரி போதவில்லை.

“வுடு ரோஜா,” என்று அன்பு நாற்காலியில் சாய்ந்தான். “நம்ம அம்மா இருந்த வரைக்கும் அப்படித்தானே இருந்துச்சு? ஈஸ்வரியும் அதே மாதிரி. எங்க போனாலும் நம்ம ஊட்டு வழக்கம் மாறாது.”

மீசையை வேறு தடவிக்கொண்டான்.

வெங்காய சூப் வந்தது. பசிக்கு அண்ணனும் தங்கையும் ஒரே மூச்சில் கிண்ணத்தைக் காலி செய்தார்கள். ஈஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்தது கொண்டாப்பா,” என்றான் அன்பு.

சர்வர் பணிவாகக் குனிந்தார். “மேசையில எல்லாரும் முடிச்ச பிறகுதான் சார் அடுத்தது வரும். இங்க அதுதான் வழக்கம்.”

ஈஸ்வரி நிமிர்ந்தாள்.

“அப்படியா?” என்று மட்டும் கேட்டாள்.

பிறகு ஸ்பூனை எடுத்தாள். வெங்காயத்தை இழை இழையாகப் பிரித்துச் சாப்பிட்டாள். அன்பு காலாட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்து மீன். பெரிய தட்டின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு. அன்புவுக்கு அது பல் இடுக்குக்கே போதவில்லை.

“நீயும் சேந்து துன்னேன் ஈசு.”

“ஐயய்யோ! நம்ம ஊட்டு வழக்கம் இன்னாத்துக்கு ஆவறது? நீங்க முடிங்க.”

முடித்தான். அதற்குப் பிறகுதான் அவள் ஆரம்பித்தாள்.

“தம்பி, இதும்மேல ஊத்திக்கீறது இன்னா?”

“வெண்ணெயும் எலுமிச்சையும் மேடம்.”

“அதான் நல்லாக்கீது. நிதானமா துன்னாத்தான் ருசியே தெரியுது.”

அன்பு ரொட்டிக் கூடையை ஒற்றை ஆளாகக் காலி செய்துவிட்டுக் கூடையின் அடியில் துழாவினான்.

“அண்ணி, அடிமைத்தனம் பழகிப் போச்சுன்னா அது…” என்று ஆரம்பித்தாள் ரோஜா. பக்கத்து மேசைக்கு ஆவி பறக்கக் கோழி போனது. வாக்கியம் அப்படியே நின்றது.

“அண்ணி, கொஞ்சம் வேகமா சாப்பிடுங்களேன்! பசி உயிர் போவுது!”

“இதோ ஆச்சும்மா,” என்ற ஈஸ்வரி, மிச்சமிருந்த மீனை இன்னும் பொடிப் பொடியாக நறுக்கினாள்.

ஒருவழியாகக் கோழி வந்தது. அன்பு அதைத் தொடவே இல்லை.

“நீ எடு மொதல்ல.”

“அது எப்படிங்க? நீங்க…”

“ஈஸ்வரி! உன் கால்ல வோணா வுழறேன். சேந்து துன்னு!”

“இங்க சரி. ஊட்ல?”

“ஊட்லயும்தான்! இனிமே எல்லாரும் ஒண்ணா உக்காருவோம். அவங்கவங்க போட்டுத் துன்னுக்கட்டும். சத்தியம்!”

“ரோஜா, நீ சாட்சி.”

சொன்ன வேகத்தில் கோழியில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள் ஈஸ்வரி. இப்போது நிதானமும் இல்லை, ஒன்றும் இல்லை.

ரோஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அண்ணி! வேணும்னேதான் பண்ணீங்களா?”

“பசியோட காத்துக்கினு இருக்கறது எப்படி இருக்கும்னு வாயால சொன்னா உங்க அண்ணனுக்கு வெளங்குமா?”

ரோஜா மேசையைத் தட்டினாள். ஜெயித்தது தன் கட்சியல்லவா!

“இதைத்தானே அண்ணி நான் ரெண்டு வருஷமா வீட்ல தொண்டைத்தண்ணி வத்தப் பேசிக்கினு இருக்கேன்!”

“பேசினம்மா, நல்லாத்தான் பேசின,” என்றாள் ஈஸ்வரி, கோழியை மென்றபடி. “நானும் உன் பக்கத்துல நின்னு, உன் தட்டுல ரசம் ஊத்திக்கினே கேட்டுக்கினு இருந்தேன்.”