மெதுவாக ஒரு இடி

வெர்னா கழுத்து வலிக்கு மாட்டும் பட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்தாள். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

"பட்டையை இடிச்சப்புறம் மாட்டினா போதும்னு வக்கீல் சொல்லிட்டாரு" என்றாள்.

டிரைவர் க்ளைட் சிரித்தான். "மெதுவாத்தான் இடிப்பாங்க, மிஸ் வெர்னா. பயப்படாதீங்க."

இரண்டு வருடங்களுக்கு முன், பிலடெல்பியாவின் இதே தெருவில், இதே தடத்து பஸ்மீது குப்பை லாரி ஒன்று மோதியது. பத்தொன்பது பேர் நஷ்டஈடு கேட்டார்கள். 'எல்லாம் புளுகு' என்று பத்தொன்பது மனுக்களையும் ஒரே கடிதத்தில் தள்ளிவிட்டது இன்ஷூரன்ஸ் நிறுவனம். அந்தப் பட்டியலில் ஏழாவது பெயர் வெர்னா. பள்ளிக்கூடச் சமையலறை வேலையையும் விட்டாயிற்று. பணம் வராவிட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும். வழக்குப் போட இன்னும் பத்தே நாள்தான் கெடு.

"பழைய கேஸைத் தூக்கி நிறுத்தணும்னா புதுசா ஒரு விபத்து வேணும்" என்று சொன்னவர் வக்கீல் கப்லான். ஊரிலுள்ள பாதி பஸ்களின் முதுகில், விளம்பரப் படத்தில் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு சிரிப்பவர்.

பஸ்ஸில் வெர்னாவைத் தவிர இரண்டு இளைஞர்கள்தான். பின் சீட்டில் அரைத்தூக்கத்தில் சாய்ந்திருந்தார்கள்.

முடிதிருத்தும் கடை முனையில், சொல்லிவைத்தபடி ஒரு வேன் குறுக்கே வந்தது.

டொக்.

க்ளைடின் காபி ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவன் கதவைத் திறந்துவிட்டான்.

அடுத்த நிமிடம் தெருவே பஸ்ஸுக்குள் இருந்தது. பாதித் தலை மழித்தவர் கழுத்தில் கட்டிய துணியோடு ஏறினார். அவர் பின்னால் மெஷினும் கையுமாகக் கடைக்காரர். பாலாடைக்கட்டி ஒழுகும் இறைச்சி சாண்ட்விச்சைக் கடித்தபடி ஒருவன். சர்ச் தொப்பி வைத்த அம்மாள் ஒருத்தி படியிலேயே முனக ஆரம்பித்தாள்.

"ஐயோ, என் கழுத்து!"

"தள்ளு, ஜன்னல் சீட்டுல நான்தான் இருந்தேன்!"

"புளுகாத! நீ பஸ்ஸுலயே இல்ல, நான் பாத்தேன்!"

"எங்கேர்ந்துடா பாத்தே?"

"எதுத்த கடையிலேர்ந்து..."

வெர்னா நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொரு சீட்டாக வந்தாள். "நான் வக்கீல் கப்லானோட ஆளு. பேரு? எங்க வலி?"

"கழுத்து, சிஸ்டர்" என்றார் பாதித் தலைக்காரர்.

"இடுப்பையும் சேத்துக்கவா?"

"சேத்துக்குங்க! நீங்க நல்லா இருப்பீங்க."

"ரெண்டு வருஷம் முன்னாடி குப்பை லாரி இடிச்சுதே, அதுலயும் இருந்தீங்களா?"

"இல்லாமலா? அன்னிக்கும் கழுத்துதான். ஒரு காசு தரல, பாவிங்க."

"அன்னிக்கு எந்த ஸ்டாப்புல ஏறினீங்க?"

"இன்னிக்கு மாதிரியேதான். இடிச்சப்புறம்!"

பஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது. சர்ச் அம்மாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு நினைவு வந்து மறுபடி பிடித்துக்கொண்டாள்.

கடைசிப் பெயரையும் எழுதி முடித்து வெர்னா தலையசைத்தாள். க்ளைட் கதவை மூடி வண்டியை எடுத்தான்.

"ஆஸ்பத்திரிக்கா, டிரைவர்?" என்று கேட்டான் சாண்ட்விச்காரன், ஆசையாக.

"ஸ்டேஷனுக்கு" என்றது பின் சீட்டு. அரைத்தூக்க இளைஞர்கள் இருவரும் எழுந்து நின்றிருந்தார்கள். இடுப்புப் பட்டையில் போலீஸ் வில்லை. கையில் எல்லாவற்றையும் படம்பிடித்த கேமரா.

முனகல் சட்டென்று நின்றது. போலீஸ்காரர்களில் ஒருவன் வெர்னாவிடம் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டான். "பதினெட்டு பேர்! ஒண்ணுகூட விடாம அதே ஆளுங்க, மேடம். இனிமே இன்ஷூரன்ஸ்காரன் உங்களையும் இவங்களோட சேத்துப் பேச முடியாது."

வெர்னா தொப்பியைக் கழற்றினாள். பைக்குள்ளிருந்த பட்டையை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல மாட்டினாள்.

பஸ்ஸில் இருந்த அத்தனை கழுத்துகளிலும், இரண்டு வருடமாக நிஜமாகவே வலித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.