வெள்ளிக்கிழமை மீன்

‘மீனுக்கு அலையும் நர்ஸை உடனே மாற்றவும்’ என்று ஆரம்பித்தது மனு. கையெழுத்து கிடையாது. இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள்.

பிரேம்குமார் மூன்றாவது முறையாகப் படித்தார்.

‘நர்ஸ் கன்னியம்மாள் திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் கரைக்கு வந்து ஓசியில் மீன் வாங்குகிறார். வெள்ளிக்கிழமையைக்கூட விடுவதில்லை.’

“வெள்ளிக்கிழமையுமா!” அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டைகூட உள்ளே வராது.

பிரேம்குமார் காசநோய்ப் பிரிவு சூப்பர்வைசர். கன்னியம்மாள் வேலை பார்க்கும் சுகாதார நிலையம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அங்கே இன்னொரு விஷயமும் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. முத்து என்று ஒரு நோயாளி. அந்த ஆள் நிலையத்துக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய மருந்து கார்டிலோ, ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை விழுங்கியதாகக் குறித்திருந்தது.

“நோயாளிய கண்ணெதிர்ல முழுங்க வைக்கணும்ங்கறதுதான் ரூலே. இங்க ஆளே இல்லாம டிக் போடறாங்க. அங்க மீன் வசூல் பண்றாங்க. ரெண்டுக்கும் சேத்து எழுதிடறேன் டாக்டர்” என்று நிலையத்து டாக்டரிடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை. கனகசெட்டிக்குளம் கரையில் படகுகள் வந்து இறங்கியிருந்தன.

“நர்ஸம்மாவ விசாரிக்க வந்த ஆபீசரா? கொஞ்சம் இரு சார், இப்ப வருவாங்க” என்றாள் மீன்காரி பச்சையம்மாள். “தோ பாரு, ஒயர் கூடையோட! வெள்ளிக்கெழமையும் அதுவுமா!”

பிரேம்குமார் ஒரு படகின் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

கன்னியம்மாளுக்குக் கூச்சநாச்சமே இல்லை. மெலிந்த ஒரு மீனவரிடம் போய்க் கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“என்னண்ணே மீனு இது? செவுள் வெளுத்துப் போயிருக்கு! நல்ல சங்கராவா எடு. ஊசி போட ஒரு நாள் எங்கிட்ட வருவல்ல, அப்ப பாத்துக்கறேன்!”

கரையே சிரித்தது. இருவரும் இன்னொரு படகின் மறைவுக்குப் போனார்கள். அந்த ஆள் அண்ணாந்து எதையோ குடித்தார். பாண்டிச்சேரியில் ஒருவர் காலையிலேயே மறைவில் நின்று அண்ணாந்து குடித்தால் நம் மனசு எங்கே போகும்? பிரேம்குமாரின் மனசும் அங்கேதான் போனது.

நாலு பெரிய சங்கரா கூடைக்குள் விழுந்தன. காசு கைமாறவில்லை.

கன்னியம்மாள் நிலையத்துக்கும் போகவில்லை, தன் வீட்டுக்கும் போகவில்லை. சந்துக்குள் நுழைந்து, ஒரு வீட்டின் பின்வாசலைத் தட்டி, கதவைத் திறந்த பெண்ணிடம் மீனை எடுத்துக் கொடுத்தாள்.

பின்தொடர்ந்து வந்த பிரேம்குமார் பாய்ந்தார். “கையும் களவுமா புடிச்சிட்டேன்மா! ஓசியில வாங்கி இங்க வந்து விக்கறீங்களா?”

கன்னியம்மாள் பதறிவிட்டாள். “சார், மெதுவா! அக்கம்பக்கம் கேட்டுடும். உள்ள வாங்க.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் சொன்னாள். “இவங்க தனக்கொடி. முத்துவோட சம்சாரம். கார்டு பாத்தீங்களே, அதே முத்து. கரையில நீங்க பாத்ததும் அவரத்தான்.”

கூடைக்கு அடியிலிருந்து காலி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். “ஏழு மாத்திரை சார். எங் கண்ணெதிர்லதான் முழுங்குனாரு. குடிச்சது நான் கொண்டு போன தண்ணி.”

பிரேம்குமார் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பொண்ணுக்கு சம்பந்தம் பேசியிருக்கோம் சார்” என்றாள் தனக்கொடி. “இவருக்கு டிபின்னு தெரிஞ்சா அவங்க நம்ம வாசப்படி மிதிக்கமாட்டாங்க. அந்த பயத்துலதான் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னு மருந்த பாதியில வுட்டாரு. ரத்தமா வந்துச்சி. ‘நீ வரவேணாம், நான் மீன் வாங்க வரேன்’னு நர்ஸம்மாதான் வழி பண்ணாங்க.”

“சரி, மீன் ஏன் இங்க வருது?”

“நல்ல மீன எல்லாம் கல்யாணத்துக்குன்னு வித்துட்டு கஞ்சி குடிக்கிறாரு சார்” என்றாள் கன்னியம்மாள். “அந்த ஒடம்புல மாத்திரை மட்டும் என்னா பண்ணும்? நான் கேட்டா மறுக்கமாட்டாரு. அதான் புடுங்கினு வந்து அவரு சட்டியிலயே போட்டுடறேன். ‘எங்கண்ணன் படகுல வந்த மீனு’ன்னு இவங்க அவருகிட்ட சொல்லிடுவாங்க.”

பிரேம்குமார் மனுவை எடுத்துக் கொடுத்தார். கன்னியம்மாள் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“திங்கள், புதன், வெள்ளி. கிழமைய சரியா எழுதியிருக்காங்க சார். நல்லவேளை, எதுக்கு இந்த மூணு நாளுன்னு யாருக்கும் தோணல.”

அவருக்குச் சுருக்கென்றது. அப்போதெல்லாம் காசநோய் மாத்திரைக்கு வாரத்தில் அந்த மூன்று நாள்தான். எத்தனை நோயாளிகளிடம் தன் வாயாலேயே சொல்லியிருப்பார்! வெள்ளிக்கிழமை மீன் அவர் கண்ணை மறைத்துவிட்டது.

“நடந்தத அப்படியே எழுதி ஒங்க பேர காப்பாத்திடறேம்மா.”

“ஐயோ, வேணாம் சார்! அந்தக் காயிதம் நாலு கை மாறுனா ஊருக்கே வந்துடும். மீனுக்கு அலையற பொம்பளன்னே எழுதிக்குங்க. ரெண்டு மாசம் மட்டும் டைம் குடுங்க. அவருக்கு கோர்ஸ் முடிஞ்சிடும். அப்புறம் எங்க மாத்துனாலும் போறேன்.”

அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. ஆபீசுக்குத் திரும்பியதும், ‘விசாரணை முடிய இரண்டு மாதம் ஆகும்’ என்று மனுவின் மேலேயே எழுதி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கன்னியம்மாளுக்கு டவுனில் டிரெய்னிங். காலையில் அதே ஒயர் கூடையோடு கரையில் ஓர் ஆள் நின்றார்.

“எ... என்னண்ணே மீனு இது? செவுள் வெளுத்துப் போயிருக்கு!”

பச்சையம்மாள் தலையிலடித்துக்கொண்டாள்.

“அடிப்பாவிங்களா, இங்க வந்து பாருங்கடி! நர்ஸம்மாவ விசாரிக்க வந்த ஆபீசரும் கூடைய தூக்கினு வந்துட்டாரு, வெள்ளிக்கெழமையும் அதுவுமா!”