பித்தளை மூடி

படகைக் கரையேற்றியதும் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்காக அடியிலுள்ள துளையின் பித்தளை மூடியைக் கழற்றிச் சாவிக் கயிற்றிலேயே கட்டிவைப்பது அண்ணன் தம்பி இருவருக்கும் வழக்கம். மூடியை மாட்டாமல் யாரும் என்ஜினைக் கிளப்பிவிடக் கூடாது, அல்லவா? போன கோடையில் ஒரே ஒரு நாள், மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தம்பியிடம் சாவியை மட்டும் கொடுத்துவிட்டான் அண்ணன். கயிற்றில் மூடி இல்லாததால் மாட்டியாயிற்று என்று நம்பித் தம்பி தனியே கிளம்பினான்; நடு ஏரியில் படகு மூழ்கியது. பிறகு படகைத் தேடி எடுத்தார்கள். தம்பி கிடைக்கவில்லை. மூடி விஷயத்தை அண்ணன் தன் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

இப்போது படகை விற்பதற்காகக் கொட்டகையில் வைத்து அவனே பழுதுபார்த்துவந்தான். மழையே இல்லை. ஆனாலும் தினமும் காலையில் துளைவழியே, அடியில் வைத்த வாளிக்குள், பாசி நாறும் ஏரித் தண்ணீர் வடிந்தது. முதல் நாள் அரை வாளி, நான்காம் நாள் மூன்று வாளி.

“ஓட்டையைத் திறந்து வச்சுக்கிட்டு வாளி வாளியா பிடிச்சு ஊத்துறீங்களே, உங்க மூளைய என்னன்னு சொல்ல? அதுக்குன்னு ஒரு மூடி இருக்கும்ல?” என்றாள் மனைவி.

“இருக்கு,” என்றான்.

அன்று மாலை மூடியை மாட்டி ஸ்பானரால் இறுக்கினான்.

மறுநாள் காலை துணி துவைக்கப் போனவள் திரும்பி வந்தாள். “சட்டைப்பையில இதையெல்லாம் போட்டு வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? மெஷின் என்னத்துக்கு ஆகும்?” அவள் உள்ளங்கையில் அந்த மூடி ஈரமாக இருந்தது.

அவன் கொட்டகைக்கு ஓடினான். படகு விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. குனிந்து அடியில் பார்த்தான். துளையில் மூடி இல்லை. ஒரு சொட்டுகூட விழவில்லை. உள்ளிருந்து ஒரு கட்டைவிரல் அதை அடைத்துப் பிடித்திருந்தது.