ஐந்தாவது மலையாண்டி

ஒரு பக்கம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்கும் ஃபிஷ்ஐ லென்ஸ்; மலிவாக வாங்கியது. அதற்கு இன்று முதல் வேலை. ஒக்கூர் வீட்டு முற்றத்தின் நடுவில் கேமராவை நிறுத்தி, திசைக்கு ஒன்றாக நான்கே படம் எடுத்தேன். ஒட்டினால் வீடு முழுவதும் ஒரே படத்தில் வந்துவிடும். நன்றாக வந்தால் காரைக்குடிப் பக்கம் இன்னும் பத்து வீடு எனக்குப் படமெடுக்கக் கிடைக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மலையாண்டி அண்ணன் நான்கு பக்கமும் ஓடி ஓடிப் போய் நின்றார்.

நான்கையும் போனில் ஏற்றி ஒட்டினேன். ஒட்டே தெரியவில்லை! இருவரும் தூணோரம் உட்கார்ந்தோம். போனை அவர் கையில் கொடுத்தேன்.

"எல்லாப் பக்கமும் நான்தான் தங்கச்சி!" விரல் வைத்து எண்ணினார். "ஆத்தாடி, அஞ்சு பேரு இருக்கேன்!"

நான்கு பேர் லென்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள். ஐந்தாமவர் இதே தூணோரம் உட்கார்ந்து, குனிந்து, போனில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நான் இல்லை.